எந்தச் சாவியைக் கொடுக்கப்போகிறோம்?

சிறிய நிறுவனங்களுக்குக் கணக்கும் நிர்வாகமும் பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், ஆள் எடுக்கும் வேலையும் ஏதோ ஒரு கட்டத்தில் என் மேசைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து பேர் பணியாற்றும் இடத்தில் மனிதவளத் துறை என்று தனியாக எதுவும் இருப்பதில்லை. முதலாளியே விளம்பரம் கொடுப்பார், அவரே நேர்காணல் நடத்துவார், சம்பளம் பேசுவதும் அவர்தான். நாளைக்கே ஆள் வந்து நிற்க வேண்டும் என்ற அவசரமும் அவருக்குத்தான். ஆயிரம் பேர் உள்ள இடத்தில் தவறான ஆள் ஒருவர் நுழைந்தால் அது ஏதோ ஒரு துறையின் தலைவலியோடு போய்விடும். பத்துப் பேர் உள்ள இடத்தில் நுழைந்தால் மொத்தத் தொழிலே ஆட்டம் காணும். ஆகவே பின்னணிச் சரிபார்ப்பில் சிறுதொழில் செய்வோர்தாம் அதிக அக்கறை காட்ட வேண்டும். நடைமுறையிலோ அவர்கள் அதைச் செய்வதே குறைவு. செய்யும்போதும் தேவையற்ற இடத்தில் துருவிவிட்டுத் தேவையான இடத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

பலர் இன்றும் நம்பியிருப்பது ‘தெரிந்தவர் மூலம் வந்தவர்’ என்ற ஒற்றைத் தகுதியைத்தான். இதை நான் ஏளனமாகப் பார்ப்பதில்லை. அனுப்பி வைத்தவரின் மரியாதையும் அதில் அடங்கியிருப்பதால், அந்தப் பரிந்துரைக்கு ஓரளவு எடை உண்டு. ஆனால் பரிந்துரைப்பவர் அறிந்தது பெரும்பாலும் அந்த மனிதரின் குடும்பத்தையும் பழகும் விதத்தையும்தான். பிறர் பணம் தன் கையில் தங்கியபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பரிந்துரைத்தவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உறவினர் அனுப்பிய ஆள் தவறு செய்தால், முதலாளி வாய் திறந்து கேட்பதற்குள் பாதி ஆண்டு ஓடிவிடும்.

மறுகோடியில் இருப்பவர்கள், ‘அனைத்தும் அடங்கிய’ சரிபார்ப்புத் தொகுப்பை இணையத்தில் வாங்கி, வாசலைப் பெருக்க வருபவர் முதல் வரவுசெலவு பார்ப்பவர் வரை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓட்டுகிறவர்கள். பொட்டலம் கட்டும் பணிக்கு வந்தவரின் கடன் வரலாற்றைக் காசு கொடுத்து வாங்கிப் பார்ப்பார்கள். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கையில் வைத்திருக்கப்போகும் கணக்காளரின் முந்தைய முதலாளிக்கு ஒரு போன் போட்டிருக்க மாட்டார்கள். அந்த போன் தொகுப்பில் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

என்னைக் கேட்டால், விசாரணையை ஆளிடமிருந்து தொடங்கக் கூடாது, வேலையிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வேலையில் சேருபவர் கையில் எந்தச் சாவியைக் கொடுக்கப்போகிறோம் என்று முதலில் கேட்டுக்கொண்டால், எதை விசாரிப்பது, எவ்வளவு ஆழம் போவது என்பதெல்லாம் பெரும்பாலும் தாமாகவே தெளிந்துவிடும். அந்தச் சாவி கல்லாப்பெட்டியின் சாவியாக இருக்கலாம், வாகனத்தின் சாவியாக இருக்கலாம், வாடிக்கையாளரின் வீட்டுக் கதவாகவோ அவருடைய விவரங்கள் அடங்கிய கணினிக் கணக்காகவோ இருக்கலாம்.

இந்தக் கருத்துக்குச் சட்ட உலகில் வலுவான முன்னுதாரணம் உண்டு. 1983இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில், அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மேலாளராக அமர்த்தப்பட்டவரிடம் எல்லா வீடுகளையும் திறக்கக்கூடிய பொதுச்சாவி தரப்பட்டிருந்தது. அவர் அங்கே குடியிருந்த பெண் ஒருவரை அவருடைய வீட்டிலேயே வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். அவர் ஏற்கனவே கடுமையான குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் என்பதும், நிர்வாகம் அவரைப் போதிய அளவு விசாரிக்காமல் அமர்த்தியது என்பதும் வழக்கில் வெளிவந்தன. நிர்வாகத்தைப் பொறுப்பாக்கிய தீர்ப்பை நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்போது அது வகுத்த அளவுகோல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: தோட்டம் பராமரிப்பவரையோ உற்பத்திக் கூடத் தொழிலாளரையோ அமர்த்தும்போது சிறிதளவு கவனமே போதுமானதாக இருக்கலாம், ஆனால் பிறர் வாழும் வீடுகளுக்குள் நுழையும் சாவியை ஒப்படைக்கும்போது, அந்த ஆளின் நம்பகத்தன்மையை முன்கூட்டியே விசாரித்தறியும் கடமை முதலாளிக்கு உண்டு. அதே தீர்ப்பில், குற்றப் பதிவு உள்ள எவரையும் வேலைக்கே எடுக்கக் கூடாது என்று தாங்கள் சொல்ல வரவில்லை என்பதையும் நீதிபதிகள் தெளிவுபடுத்தினார்கள். தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்காட்டி, பயம் காட்டிச் சரிபார்ப்புச் சேவை விற்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

ஆகவே விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே, அந்தப் பணிக்குரிய சாவிகளை ஒரு தாளில் எழுதித் தரும்படி முதலாளியிடம் கேட்பேன். பெரும்பாலோர் முதலில் சலித்துக்கொள்வார்கள். எழுதத் தொடங்கியதும், சாதாரண எழுத்தர் வேலை என்று அவர்கள் நினைத்திருந்த பதவிக்கு, விற்பனையாளரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும் அதிகாரம் இருப்பதைக் கண்டு அவர்களே திகைப்பார்கள். ஓட்டுநர் என்றால் உரிமத்தின் செல்லுபடியும் விபத்து வரலாறும் வேண்டும். பொட்டலம் கட்டுபவர் என்றால், அவர் யார் என்பதும் சட்டப்படி வேலை செய்யத் தகுதியுள்ளவரா என்பதும் போதும். அதற்கு மேல் தோண்டுவது பண விரயம் மட்டுமல்ல, பிறர் வாழ்க்கைக்குள் தேவையின்றி மூக்கை நுழைப்பதும்கூட.

எல்லாப் பணிகளுக்கும் பொதுவாகச் செய்தே ஆகவேண்டியது அடையாளச் சரிபார்ப்பு. விண்ணப்பித்தவரும் நேர்காணலில் பேசியவரும் முதல் நாள் வேலைக்கு வந்து நிற்பவரும் ஒரே ஆள்தானா என்பது அசட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். வீட்டிலிருந்தே வேலை என்ற ஏற்பாடு பரவிய பிறகு அது அப்படியில்லை. வடகொரியத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள் பிறருடைய அடையாளத்தில் வெளிநாட்டு நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தை அந்நாட்டு அரசுக்கு அனுப்புவதாக 2022 மே மாதத்தில் அமெரிக்காவின் வெளியுறவுத் துறையும் கருவூலத் துறையும் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து எச்சரிக்கை வெளியிட்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொடரப்பட்ட வழக்கு ஒன்றில், முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இவ்வாறு ஏமாந்திருந்ததாக அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது. அவற்றில் பெரிய நிறுவனங்களும் அடக்கம். ஒரே ஒரு நிரலாளரை நேரில் பார்க்காமலேயே அமர்த்தும் சிறு நிறுவனத்துக்கு இதில் கிடைக்கும் பாடம் எளிது: கேமராவை அணைக்காமல் பேசச் சொல்லுங்கள், அடையாள அட்டையை முகத்தருகே பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், மடிக்கணினியை அனுப்பும் முகவரி, அட்டையில் உள்ள முகவரியிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள்.

அடுத்தது முந்தைய வேலை. சிறுதொழிலுக்கு மிகுந்த பயன் தருவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கணக்காளர் பணிக்கு வந்த விண்ணப்பம் ஒன்றில் இணைக்கப்பட்டிருந்த அனுபவச் சான்றிதழ் முதல் பார்வைக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது. கோப்பைத் திரையில் பெரிதாக்கியபோது எழுத்துகள் கூர்மையாகவே நின்றன. நிறுவனத்தின் சின்னம் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது, அதாவது வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டிருந்தது. இது ஒன்றையே ஆதாரமாகக் கொள்ள முடியாது, ஏனெனில் பல சிறு நிறுவனங்கள் தங்கள் கடிதத்தாளையே அப்படித்தான் தயாரிக்கின்றன. ஆனால் கடிதத்தின் அடியில் இருந்த கைபேசி எண், நிறுவனத்தின் வலைத்தளத்திலும் இல்லை, பதிவு ஆவணங்களிலும் இல்லை. கடிதத்தில் இருந்த எண்ணை அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தவர், கேட்பதற்கு முன்பே விண்ணப்பதாரரைப் புகழத் தொடங்கினார். வலைத்தளத்தில் இருந்த எண்ணை அழைத்தபோது, நான்கு பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் வந்த சம்பளப் பிரிவுக்காரர் அலுப்போடு, அப்படி ஒருவர் இங்கே இருந்தார், ஆனால் மூன்று ஆண்டுகள் அல்ல, ஏழு மாதங்கள் என்றார். இப்படிப்பட்ட அலுப்பான பதில்களைத்தான் நான் நம்புகிறேன்.

விண்ணப்பதாரர் கொடுக்கும் எண்ணை ஒருபோதும் முதலில் அழைக்காதீர்கள் என்று எல்லா முதலாளிகளிடமும் சொல்லிவருகிறேன். நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து, அதன் வழியாக உள்ளே சென்று, குறிப்பிட்ட மேலாளரைக் கேளுங்கள். அப்படிச் சென்றடைந்தவரிடம் “ஆள் எப்படி?” என்று கேட்டால் “நல்ல பையன், குறை ஒன்றும் சொல்ல முடியாது” என்ற பதில்தான் வரும், அதில் தகவல் எதுவும் கிடையாது. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை இருந்தார், அவருக்கு மேல் யார் இருந்தார், அவர் பொறுப்பில் என்னென்ன இருந்தன, மறுபடி வாய்ப்பு வந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசிக் கேள்விக்குப் பிறகு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவருக்காக நான் பேசியபோது, முந்தைய மேலாளர் அந்தக் கடைசிக் கேள்விக்குச் சிறிது யோசித்துவிட்டு, “எடுத்துக்கொள்வேன், ஆனால் சரக்குக் கணக்கை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார். திருடர் என்றும் அவர் சொல்லவில்லை, யோக்கியர் என்றும் சொல்லவில்லை. விண்ணப்பதாரரிடமே இதைப் பற்றிக் கேட்டோம். அந்தக் கிடங்கில் சரக்கை ஆண்டுக்கு ஒருமுறைதான் எண்ணுவார்கள் என்றும், மூன்று ஷிப்ட்டில் எதில் குறைந்தாலும் பழி தன் மேல்தான் விழும் என்றும், எண்ணும் முறையை மாற்றச் சொல்லித் தான் எழுதிய மின்னஞ்சல்கள் இன்னும் இருக்கின்றன என்றும் சொல்லி, அவற்றைக் காட்டவும் செய்தார். அவரையே எடுத்தோம், சரக்கு அனுப்பும் பொறுப்பு அவரிடம், இருப்புக் கணக்கு இன்னொருவரிடம். முன்னாள் மேலாளரின் வாக்கை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் நல்ல பணியாளர் ஒருவரை இழந்திருப்போம். அவரை விசாரிக்காமலேயே இருந்திருந்தால், இரண்டு பொறுப்பையும் ஒருவரிடமே கொடுத்திருப்போம்.

பல நிறுவனங்கள் தேதியையும் பதவிப் பெயரையும் தவிர வேறெதையும் சொல்ல மறுப்பதுண்டு. அதைச் சந்தேகத்துக்குரிய மௌனமாகக் கொள்ள வேண்டியதில்லை. முன்னாள் பணியாளரைப் பற்றி நற்சான்று எழுதுபவர் அதைக் கவனத்தோடு எழுதக் கடமைப்பட்டவர், கவனக்குறைவாக எழுதி அவருக்கு இழப்பு நேர்ந்தால் இழப்பீடு தர நேரிடும் என்று 1994இலேயே, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருக்கிறது. வழக்குக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொள்வது நிறுவனத்தின் கொள்கை. அந்த மௌனத்துக்கும் விண்ணப்பதாரரின் குணத்துக்கும் தொடர்பில்லை.

கல்விச் சான்றிதழைப் பொறுத்தவரை, வழங்கிய நிறுவனத்திடமே கேட்பதைத் தவிர நம்பத்தக்க வழி வேறில்லை. பாகிஸ்தானிலிருந்து இயங்கிய நிறுவனம் ஒன்று, இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகெங்கும் பட்டங்களை விற்றுவந்ததை 2015இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு வலைத்தளமும் உண்டு, தொலைபேசியில் பதில் சொல்ல ஆட்களும் உண்டு. எனவே பட்டம் உண்மையா என்பதோடு, பல்கலைக்கழகம் உண்மையா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலைக்கு அந்தப் பட்டம் தேவையா? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர் சேர்க்கைப் பிரிவின் தலைவராக இருந்தவர், தான் பெறாத பட்டங்களைப் பெற்றதாக எழுதியிருந்தது தெரியவந்து 2007இல் பதவி விலகினார். அங்கே அவர் பணியாற்றியது 28 ஆண்டுகள். வேலையில் மிகுந்த மதிப்பையும் பெற்றிருந்தார். முதலில் சேர்ந்த பதவிக்குப் பட்டம் அவசியமாகவே இருக்கவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. பொய் பொய்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வேலைக்குத் தேவைப்படாத தகுதியை விளம்பரத்தில் அச்சடித்துவிட்டு, பிறகு அதைச் சரிபார்க்கவும் மெனக்கெடாத நிறுவனங்கள்தாம் இத்தகைய பொய்களுக்கு விலையேற்றிவிடுகின்றன.

இனி, பின்னணிச் சரிபார்ப்பு என்றவுடனே எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற குற்றப் பதிவு. முதலாளிகள் அளவுக்கு மீறி நம்புவதும் இதைத்தான், தவறாகப் பயன்படுத்துவதும் இதைத்தான். ‘போலீஸ் கேஸ் இருந்தால் வேண்டாம்’ என்ற ஒற்றை வரிக் கொள்கை எளிமையாக இருப்பதால் பிடித்துப்போகிறது. அமெரிக்க ரயில்வே நிறுவனம் ஒன்று அதே கொள்கையைத்தான் வைத்திருந்தது. எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரை, அவர் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்றவர் என்பதற்காக நிராகரித்தது. போருக்குப் போக மறுத்தவர் கோப்புகளை அடுக்கத் தகுதியற்றவர் ஆவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கொள்கையைச் சட்டவிரோதம் என்று அறிவித்து, குற்றத்தின் தன்மையும் கடுமையும் என்ன, அதற்குப் பின் எவ்வளவு காலம் கடந்திருக்கிறது, விண்ணப்பித்த வேலையின் தன்மை என்ன என்ற மூன்றையும் சேர்த்து எடைபோடச் சொன்னது. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த மூன்றையே அடிப்படையாகக் கொண்டது. நான் சொல்லும் சாவிக் கணக்கு இதில் மூன்றாவது கேள்விக்குள் முழுவதும் அடங்கிவிடும்.

இரண்டாவது கேள்வியான காலத்தைப் பற்றி ஆய்வுகள் சொல்வது பலரும் எதிர்பார்க்காதது. இளமையில் ஒருமுறை குற்றம் செய்து, பிறகு ஆறேழு ஆண்டுகள் எந்த வழக்கிலும் சிக்காமல் இருந்தவர் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு, குற்றப் பதிவே இல்லாதவரின் வாய்ப்பை ஏறக்குறைய நெருங்கிவிடுகிறது என்பதை 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது; பின்னர் வந்த ஆய்வுகளும் அதே திசையில்தான் இருந்தன. பிரிட்டனில் 1974இலேயே இயற்றப்பட்ட மறுவாழ்வுச் சட்டம், குறிப்பிட்ட காலம் கடந்த சிறு தண்டனைகளைக் ‘காலாவதியானவை’ என்று கருதி, பெரும்பாலான வேலைகளில் அவற்றைச் சொல்லாமல் இருக்கும் உரிமையைக் கொடுத்தது. குழந்தைகளோடும் ஆதரவற்றோரோடும் பணியாற்றுவது போன்ற வேலைகளுக்கு விலக்கு உண்டு. அவற்றுக்கு மட்டுமே அங்கே விரிவான சோதனை கேட்க முடியும், மற்ற வேலைகளுக்கு அடிப்படைச் சோதனையோடு நிற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 10ஆவது பிரிவு இன்னும் கறாரானது: சட்டம் வெளிப்படையாக அனுமதிக்காத வரை, குற்றத் தண்டனை விவரங்களைத் தனியார் முதலாளி கையாளவே கூடாது.

அப்படியானால் கேட்காமலே இருந்துவிடலாமா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் குற்றப் பதிவு குறித்த கேள்வி இடம்பெறக் கூடாது என்ற சட்டத்தை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் ஹவாய், 1998இல். பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. அப்படிப்பட்ட சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னும் பின்னும் நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரத்திலும் சுமார் 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் செய்யப்பட்ட ஆய்வு 2018இல் வெளியானது. கேள்வியை நீக்கிய பிறகு, நேர்காணலுக்கு அழைக்கப்படுவதில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே இருந்த வேறுபாடு 7 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக விரிந்திருந்தது. தகவல் கிடைக்காத முதலாளிகள் பெயரை வைத்து ஊகிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே நான் சொல்வது இதுதான்: சாவி கோரும் வேலைகளுக்கு மட்டும், வேலை உண்டு என்று சொன்ன பிறகு, வெளிப்படையாகக் கேளுங்கள்; மற்ற வேலைகளுக்குக் கேட்காதீர்கள், ஊகிக்கவும் செய்யாதீர்கள்.

கையில் வரும் அறிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. தரவுத்தளங்கள் பெரும்பாலும் பெயரை வைத்துத்தான் தேடுகின்றன, ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒரு எழுத்துமுறையில் உள்ள பெயரை இன்னொரு எழுத்துமுறையில் நான்கு விதமாக எழுதலாம். 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில், கடன் தகவல் நிறுவனம் ஒன்று முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் மட்டும் ஒப்பிட்டு, 8,185 பேரை அரசின் பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்தல்காரர்கள் பட்டியலோடு பொருந்தக்கூடியவர்கள் என்று குறித்துவைத்திருந்தது தெரியவந்தது. வழக்குத் தொடுத்தவர் கார் வாங்கப் போன இடத்தில்தான் அது அவருக்கே தெரியும். எனவே அறிக்கையில் ஏதேனும் வழக்கு காட்டப்பட்டால், பிறந்த தேதி பொருந்துகிறதா, முகவரி பொருந்துகிறதா, கைதா தண்டனையா விடுதலையா என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

விண்ணப்பதாரரிடமே காட்டிக் கேட்பதைவிடச் சிறந்த சரிபார்ப்பும் இல்லை. அமெரிக்காவில் 1970இல் இயற்றப்பட்ட நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இதைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறது. வெளி நிறுவனத்திடம் அறிக்கை வாங்குவதற்கு முன் அதைத் தனித் தாளில் தெரிவித்து எழுத்துமூலம் சம்மதம் பெற வேண்டும். அறிக்கையைக் காரணமாகக் கொண்டு வேலை மறுப்பதென்றால், மறுப்பதற்கு முன்பே அறிக்கையின் நகலை அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் பிழையைச் சுட்டிக்காட்ட அவகாசம் தந்த பிறகே இறுதி முடிவைத் தெரிவிக்க வேண்டும். சம்மத வாசகத்தை நீண்ட விண்ணப்பப் படிவத்தின் நடுவே பொடி எழுத்தில் ஒளித்துவைத்ததற்காகவே அங்கே பல நிறுவனங்கள் வழக்குகளைச் சந்தித்திருக்கின்றன. உங்கள் நாட்டில் இப்படிச் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வரிசையைப் பின்பற்றுவதில் நட்டமில்லை. என்னென்ன விசாரிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால், ஏமாற்ற நினைப்பவர்களில் பாதிப் பேர் அப்போதே ஒதுங்கிக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். சிலர் தாமாகவே வந்து, அந்த இரண்டு ஆண்டு இடைவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பார்கள், அது பெரும்பாலும் நோயாகவோ குடும்பத்தில் ஒரு கஷ்டமாகவோ இருக்கும்.

சமூக ஊடகப் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்காதீர்கள். அங்கே போனால் மதம், அரசியல், கர்ப்பம், நோய் என்று தெரிந்துகொள்ளக் கூடாதவைதாம் முதலில் கண்ணில் படும். பார்த்ததைப் பார்க்காததுபோல் பிறகு நிராகரிக்கவும் முடியாது, நிராகரித்ததற்கு வேறு காரணம் இருந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. கடன் வரலாறும் அப்படித்தான்: பணத்தை நேரடியாகக் கையாளும் பதவிகளுக்கு வேண்டுமானால் அதற்கு இடமுண்டு. மருத்துவச் செலவால் கடனாளி ஆனவரை மோசடிக்காரராகக் காட்டிவிடும் என்பதால் அமெரிக்காவின் பல மாநிலங்களே அதைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் முதலாளி புரிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்கள் சங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் உலகளாவிய அறிக்கைகளில், நிறுவனப் பணத்தைக் கையாடியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் அதற்கு முன் எந்த மோசடி வழக்கிலும் சிக்காதவர்கள் என்பது தொடர்ந்து பதிவாகிவருகிறது. அதாவது, எவ்வளவு கவனமாகச் சலித்தாலும் சல்லடையில் சிக்காமல் வந்து சேரக்கூடியவர்கள்தாம் பெரும்பாலோர். வேலையில் சேரும்போது அவர்கள் யோக்கியர்களாகவே இருந்தார்கள். ஐந்தாவது ஆண்டில் கடன் நெருக்கியபோது, காசோலையை எழுதுபவரும் வங்கிக் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பவரும் ஒருவரே என்ற வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனவே பின்னணிச் சரிபார்ப்புக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையாவது, பணம் வெளியேற இரண்டு பேரின் ஒப்புதல் வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கும், வங்கி அறிக்கை நேரடியாக முதலாளியின் மின்னஞ்சலுக்கு வரும்படி மாற்றுவதற்கும், கணக்காளர் ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடர்ந்து விடுப்பில் சென்று அந்த நாள்களில் வேறு ஒருவர் அந்த வேலையைப் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள். விடுப்பே எடுக்காத, தன் மேசையை யாரையும் தொடவிடாத கணக்காளரை உழைப்பாளி என்று பாராட்டும் முதலாளிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றில் புளி கரைக்கிறது.

மிச்சம் இருப்பது, சேகரித்த காகிதங்களை என்ன செய்வது என்பது. சிறு நிறுவனங்களில் இவை பெரும்பாலும் முதலாளியின் கைபேசியில், வாட்ஸ்அப் உரையாடல்களுக்குள் கிடக்கின்றன: அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், சம்பளச் சீட்டுகளும், வங்கிக் கணக்கு விவரமும், வேலை கிடைக்காமல் திரும்பிப் போன இருபது முப்பது பேருடையவை. அந்தக் கைபேசியைக் குழந்தைகள் விளையாட எடுத்துக்கொள்வார்கள். பழுதானால் கடையில் கொடுப்பார்கள். ஐரோப்பிய ஒழுங்குமுறையும் சரி, இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சரி, நோக்கம் முடிந்த பின் தரவை வைத்திருக்கக் கூடாது என்றே சொல்கின்றன. வேலைக்கு எடுத்தவரின் ஆவணங்களைப் பூட்டிய கோப்பிலோ கடவுச்சொல் உள்ள கோப்புறையிலோ வைக்கலாம். எடுக்காதவரின் ஆவணங்களை, நிராகரிப்பை எதிர்த்து அவர் முறையிடுவதற்குச் சட்டம் தரும் காலக்கெடு முடிந்ததும் அழிக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை நீக்கினால் மட்டும் போதாது. படங்கள் கேலரியிலும், இணையத்தில் தானாகவே எடுக்கப்படும் காப்பு நகலிலும் (கிளவுட் பேக்கப்) தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும், அங்கும் போய் நீக்க வேண்டும். இதற்கென்று ஒரு தனி மின்னஞ்சல் முகவரியை வைத்துக்கொண்டு, ஆவணங்களை அதற்கு மட்டும் அனுப்பச் சொன்னால், அடுத்த முறை இந்தத் தேடலே தேவைப்படாது.